இரசாயனத் தொழிலில் பாதுகாப்புப் பண்பாடு: செம்பூர் முதல் தாராவி வரை

மும்பை மாநகரின் மாடுங்காவிலிருந்து சயான் வழியாகச் செம்பூரைக் கடந்து டிராம்பே கடற்கரை வரை செல்லும் ஒருவர், சில கிலோமீட்டர் தொலைவிற்குள் இந்திய இரசாயனத் தொழிலின் வரலாற்றையே கண்டுவிட இயலும். மாடுங்காவில் இருப்பது இரசாயனத் தொழில்நுட்பக் கழகம். 1933-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கப்பெற்று, 1943-இல் இப்போதைய வளாகத்திற்குக் குடிபெயர்ந்து, 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனம், நாட்டின் சாயத் தொழிலுக்கும் மருந்துத் தொழிலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்களை அளித்து வந்துள்ளது. சென்னையில் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வெங்கட்டராமன் 1938 முதல் 1957 வரை இதன் தலைமைப் பொறுப்பை வகித்தார். அடுத்துள்ள சயானில் மத்திய தொழிலாளர் நிலையம் உள்ளது; தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் பயிற்சி அளிப்பது அதன் பணிகளுள் ஒன்று. செம்பூருக்கு அப்பால் மாஹுல், டிராம்பே பகுதியில் 1954-லும் 1955-லும் இரண்டு பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1965-இல் அங்கு உர உற்பத்தி தொடங்கியது. அவ்வுர ஆலை 1978 முதல் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகிறது. 1983-இல் அமைக்கப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி நகரில் இருக்கிறது. மாடுங்காவுக்கும் சயானுக்கும் அருகே, இரயில் பாதைகளுக்கு நடுவில், தாராவி.

கற்பிக்கும் இடம், பயிற்சி தரும் இடம், உற்பத்தி செய்யும் இடம், கழிந்த பொருளைப் பிரித்தெடுக்கும் இடம் ஆகிய யாவும் இவ்வாறு ஒன்றையொன்று ஒட்டி அமைந்திருப்பது அரிது. ஆயினும், அறிவு அருகில் இருப்பதனாலேயே அது வேலைத்தளத்தை எட்டிவிடுவதில்லை. ஒரு வால்வைத் திறந்தால் என்ன வெளிவரும் என்பதை அறிந்தவர் ஒருவர். அதில் கை வைப்பவர் வேறொருவர். அவ்விருவருக்கும் இடையே உள்ள தொலைவைக் கொண்டே ஓர் ஆலையின் பாதுகாப்பை அளந்து விடலாம். அத்தொலைவைக் குறைக்கும் பழக்கங்களின் தொகுதியே பாதுகாப்புப் பண்பாடு எனப்படுவது.

இச்சொற்றொடர் பழமையானதன்று. 1986 ஏப்ரலில் சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலையில் நேர்ந்த விபத்தை ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழுவே அதனை முதன்முதலில் பயன்படுத்தியது. 1991-இல் அதே குழு அதற்கு விரிவான விளக்கமும் தந்தது. அணுத்துறையில் பிறந்த சொல் பின்னர் இரசாயனம், விமானம், மருத்துவமனை எனப் பல துறைகளுக்கும் பரவிற்று. இன்று எல்லா ஆலைகளின் வாயிலிலும் அச்சொல் விளம்பரப் பலகையில் எழுதப்பட்டிருப்பதால் அதன் கூர்மை ஓரளவு மழுங்கிவிட்டது என்றே கூற வேண்டும். மேற்பார்வையாளர் அருகில் இல்லாத நள்ளிரவு ஷிப்டில், உற்பத்தி தாமதமாகிக் கொண்டிருக்கும் வேளையில், ஒரு சாதாரணத் தொழிலாளி என்ன செய்கிறார் என்பதே அச்சொல்லின் உண்மையான பொருள்.

மூக்கை நம்ப இயலாத தொழில்

மற்ற தொழில்களில் ஆபத்து பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிறது. சுழலும் சக்கரமும், உயரமான சாரமும் தாமே எச்சரிக்கின்றன. இரசாயனத் தொழிலின் தனித்தன்மை, இங்கு ஆபத்து தன்னை மறைத்துக் கொள்வதும், சில வேளைகளில் பொய்ச் சான்று கூறுவதுமாகும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை எடுத்துக் கொள்வோம். பெட்ரோலியத்திலிருந்து கந்தகத்தை நீக்கும் பிரிவுகளில் இது உண்டாகிறது. தோல் பதனிடும் கூடத்தின் கழிவுநீர்த் தொட்டியிலும் உண்டாகிறது. மிகச் சிறிய அளவில் இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டியதும் மூக்கின் நுகர்வு நரம்புகள் மரத்துப் போகின்றன. நாற்றம் நின்றுவிடுகிறது. அதனை உணர்ந்தவர், வாயு கலைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஓரடி முன்னே வைக்கிறார். அதனினும் பல மடங்கு செறிவில் சில மூச்சுகளிலேயே நினைவு தப்புகிறது. தொட்டியில் ஒருவர் விழ, அவரைத் தூக்க மற்றொருவர் இறங்க, அவருக்காக மூன்றாமவர் இறங்க, மூவரும் மாண்டனர் என்ற செய்தி நம் நாட்டு நாளேடுகளில் ஆண்டுதோறும் வருவதன் காரணம் இதுவே. உதவி செய்யத் துடிக்கும் மனமே அங்கு உயிருக்குப் பகையாகிறது.

நைட்ரஜன் டை ஆக்சைடின் தன்மை வேறு. அம்மோனியாவைக் காற்றுடன் கலந்து பிளாட்டின வலையின் மீது செலுத்தி நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் உர ஆலைகளில், ஏதேனும் ஓர் இணைப்பு கசிந்தால் பழுப்பு நிறப் புகையாக இது வெளிப்படும். இப்புகையைச் சுவாசித்தவர் சற்று இருமுவார், கண் எரியும், வெளிக்காற்றுக்கு வந்ததும் தெளிந்துவிடுவார். ஷிப்டு முடிந்து, உள்ளூர் இரயிலில் ஏறி, வீடு சென்று, உணவருந்திப் படுக்கவும் செய்வார். பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறத் தொடங்கும். அருகிலுள்ள மருத்துவருக்கு அவர் அன்று பிற்பகல் சுவாசித்தது என்ன என்பது தெரியாது. ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோ கருதவும் கூடும். ஃபாஸ்ஜீன் என்னும் வாயுவும் இத்தகையதே.

இங்குதான் பண்பாடு என்ற சொல் பொருள் பெறுகிறது. அத்தொழிலாளியைக் காப்பாற்றுவதற்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த கருவி ஒன்றுமில்லை. "கொஞ்சம் புகை பட்டது" என்று அவர் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கூறியிருக்க வேண்டும். மேற்பார்வையாளர் அவரை ஆலை மருத்துவரிடம் அனுப்பி, ஓரிரவு கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். ஏன் அவர் கூறவில்லை? முகமூடி அணியாததற்கு விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சம் ஒரு காரணம். அரைநாள் கூலி போய்விடும் என்பது மற்றொன்று. வாயிலில் உள்ள பலகையில் "விபத்தில்லா நாள்கள்" என்ற எண்ணிக்கை தம்மால் பூச்சியமாகிவிடுமே என்ற தயக்கம் மூன்றாவது. சக தொழிலாளர் அனைவருக்கும் கிடைக்கவிருந்த பரிசு அப்பலகையுடன் பிணைக்கப்பட்டிருக்குமானால், அத்தயக்கம் இன்னும் வலுப்பெறும்.

எண்ணிக்கையின் மயக்கம்

விபத்தில்லா நாள்களை எண்ணுவது தவறன்று. ஆனால் அவ்வெண்ணிக்கையை எதற்கு அளவுகோலாகக் கொள்கிறோம் என்பதில் கவனம் தேவை. 2005 மார்ச் 23-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் 15 பேர் மாண்டனர். காயமுற்றோர் 180 பேர். முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007-இல் அளித்த அறிக்கை, தனி மனிதருக்கு ஏற்படும் காயங்களின் குறைந்த எண்ணிக்கையை நிருவாகம் ஆலையின் பாதுகாப்பிற்கே சான்றாகக் கொண்டுவிட்டது என்பதைச் சுட்டிக்காட்டியது. வழுக்கி விழுதலும் விரல் நசுங்குதலும் குறைந்திருக்கலாம். அதே காலத்தில் குழாய்கள் அரித்துக் கொண்டும், அளவுக் கருவிகள் பழுதுபட்டும், தற்காலிக ஏற்பாடுகள் நிரந்தரமாகிக் கொண்டும் இருக்கலாம். தலைக்கவசம் அணிந்தோரை எண்ணுவது எளிது. அரித்த குழாயை எண்ணுவதற்கு ஒருவர் குழாயின் அடியில் குனிந்து பார்த்தாக வேண்டும்.

அமெரிக்கரான எச். டபிள்யூ. ஹைன்ரிச் 1931-இல் வெளியிட்ட நூலில், ஒரு பெருங்காயத்திற்குப் பின்னால் 29 சிறு காயங்களும் காயமே இல்லாத 300 நிகழ்ச்சிகளும் உள்ளன என்று கணக்கிட்டிருந்தார். இவ்விகிதத்தைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இன்றும் கற்பிக்கின்றனர். அது இரசாயனப் பேரழிவுகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளுதல் நலம். எனினும், காயமில்லாமல் தப்பிய நிகழ்ச்சிகளே மிகுந்த செய்தியைத் தாங்கியவை என்ற அவரது அடிப்படைக் கருத்து இன்றும் பயனுள்ளது. வால்வு ஒன்று தவறுதலாகத் திறக்கப்பட்டு உடனே மூடப்பட்டது, தீ மூளவில்லை, எவருக்கும் எதுவும் நேரவில்லை. இதனைப் பதிவேட்டில் எழுதுபவருக்குப் பாராட்டா, குற்றக் குறிப்பாணையா என்பது எல்லாத் தொழிலாளர்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு முறை குறிப்பாணை கிடைத்துவிட்டால் பின்னர் ஆண்டுக்கணக்கில் பதிவேடு வெறுமையாகவே இருக்கும். வெறுமையான பதிவேட்டைக் கண்டு மகிழும் அதிகாரி, கவலைப்பட வேண்டிய இடத்தில் மகிழ்கிறார்.

போபால்: செய்தி நின்ற இடங்கள்

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் நேர்ந்ததைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதன் இரசாயனம் பலரும் அறிந்ததே: ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு இருந்த 610-ஆம் எண் தொட்டிக்குள் நீர் புகுந்தது, வெப்பம் பெருகிற்று, வாயு வெளியேறி ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. குளிர்விக்கும் கருவி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் ஆயத்த நிலையில் இல்லை. எரித்துவிடும் குழாயின் இணைப்பு பழுதுபார்ப்பிற்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதிகம் பேசப்படாத ஒரு சிறு செய்தி இங்குக் குறிப்பிடத்தக்கது. அன்றிரவு 10.20 மணியளவில் தொட்டியின் அழுத்தமானி சதுர அங்குலத்திற்கு 2 பவுண்டு காட்டியது. ஷிப்டு மாறிய பின், 11 மணியளவில், 10 பவுண்டு காட்டியது. பத்து என்பது வழக்கமான எல்லைக்கு உட்பட்ட அளவே. ஆகவே புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு ஐயம் எழவில்லை. சிறிது நேரத்திற்கு முன் அது இரண்டாக இருந்தது என்ற செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. பின்னர்க் கண்ணெரிச்சலை வைத்துத் தொழிலாளர்கள் கசிவை உணர்ந்தபோதும், தேநீர் இடைவேளைக்குப் பின் பார்த்துக் கொள்ளலாம் என்றே முடிவாயிற்று. கண்ணெரிச்சல் அங்கு அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவ்வாலையில் ஆட்குறைப்பு நடந்தது. பயிற்சிக் காலம் சுருக்கப்பட்டது. செயல்முறைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. 1982-இல் அமெரிக்காவிலிருந்து வந்த பொறியாளர் குழு குறைகளைப் பட்டியலிட்டுச் சென்றது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற செய்தியாளர் நாளேட்டில் முன்னெச்சரிக்கையும் செய்தார். அறிவு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அவை முடிவெடுப்போரிடம் சென்று பணமாகவும் பழுதுபார்ப்பாகவும் மாறித் திரும்பி வரவில்லை.

விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அன்று விடியற்காலையில் ஸ்டைரின் ஆவி ஊருக்குள் பரவியபோது, ஆலையின் பல இடங்களிலிருந்து இயக்கக்கூடியதாக இருந்த அபாயச் சங்கு ஒலிக்கப்படவில்லை என விசாரணைக் குழு கண்டது. அவ்விபத்தில் 12 பேர் உயிரிழந்தனர். சங்கை ஊதுவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். "தவறாக ஊதிவிட்டால்?" என்ற கேள்விக்கு நிருவாகம் முன்கூட்டியே விடை கூறியிருந்தாலன்றி அப்பொத்தானை அழுத்தும் துணிவு எளிதில் வராது. தவறாக ஊதியவரைத் தண்டிக்காமல், ஊதியதற்காக நன்றி கூறும் ஆலையில்தான் உரிய நேரத்தில் சங்கு ஒலிக்கும்.

கயிற்றின் மறுமுனை

பாதுகாப்புப் பண்பாட்டை நேரில் காண விரும்பும் மாணவர், ஓர் ஆலையின் ஆண்டுப் பழுதுபார்ப்புக் காலத்தில் அங்குச் செல்ல வேண்டும். ஷட்டவுன் என்று தொழிலாளர்கள் குறிப்பிடும் அந்தச் சில வாரங்களில், நிரந்தரத் தொழிலாளர்களைக் காட்டிலும் பன்மடங்கு எண்ணிக்கையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே வருகின்றனர். பற்றவைப்பவர், சாரம் கட்டுபவர், வெப்பக்காப்புப் பூச்சுச் செய்பவர், தொட்டி சுரண்டுபவர் எனப் பலர். பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு எனப் பல மாநிலங்களிலிருந்தும் அவர்கள் வருகின்றனர். ஆலையின் குழாய்களை இருபது ஆண்டுகளாக அறிந்தவர் கையொப்பமிடுகிறார். நேற்று வந்தவர் உள்ளே இறங்குகிறார். அறிந்தவருக்கும் தொடுபவருக்கும் இடையே உள்ள தொலைவு மிக அதிகமாவது அப்போதுதான்.

அத்தொலைவைக் கடக்கும் பாலமே பெர்மிட் எனப்படும் வேலை அனுமதிச் சீட்டு. மூடிய கலன் ஒன்றுக்குள் ஆள் இறங்க வேண்டுமெனில் அதற்கான முறை தெளிவானது. கலனை வெறுமையாக்கிக் கழுவ வேண்டும். அதனுடன் இணைந்த குழாய்கள் ஒவ்வொன்றையும் துண்டிக்க வேண்டும் அல்லது இடையில் அடைப்புத் தகடு செருக வேண்டும். வால்வுகள் கசியக்கூடியவையாதலால் வால்வை மூடியதே போதும் என்று கொள்ளலாகாது. காற்றைச் செலுத்திய பின், ஆக்சிஜன் 19.5 சதவீதத்திற்குக் குறையாமல் உள்ளதா, எரியும் ஆவி உள்ளதா, நச்சு வாயு உள்ளதா என்று இம்மூன்றையும் கருவியால் அளக்க வேண்டும். வேலை நீடித்தால் மீண்டும் மீண்டும் அளக்க வேண்டும். வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கலாகாது.

இவை புதியன அல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே, தகுதியுள்ளவர் ஒருவரின் எழுத்து மூலமான சான்று இல்லாவிடில், மூச்சுக்கருவியும் இடைவாரும் அணிந்து, அவ்வாரில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க, அவ்வாறே இறங்க வேண்டும் என்று கூறியது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார் என்று கேட்பது ஆய்வாளருக்கு நல்ல தொடக்கம். பெரும்பாலும் ஆட்களிலேயே மிகக் குறைந்த கூலி பெறுபவர், புதியவர், வேறு வேலைக்குத் தேவைப்படாதவர் அங்கு நிறுத்தப்படுகிறார். நடுவில் அவரைத் தேநீர் வாங்கி வர அனுப்புவதும் உண்டு.

சீட்டு என்பது தாளன்று, ஓர் உரையாடல் என்பதை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கு வடகடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை சான்று. 1988 ஜூலை 6 அன்று ஒரு பம்பின் காப்பு வால்வு பழுதுபார்ப்பிற்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதற்குரிய சீட்டும் எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டினருக்கு அச்செய்தி எட்டவில்லை. அவர்கள் அப்பம்பை இயக்கினர். 167 பேர் மாண்டனர். நம் ஆலைகளில் இதே இடர்ப்பாட்டுடன் மொழியும் சேர்ந்து கொள்கிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டில் பெருவிரல் ரேகையோ தெரியாத எழுத்தில் கையொப்பமோ பெறுவது சட்டத்தை நிறைவு செய்யலாம். கலனுக்குள் எஞ்சியிருப்பது என்ன என்பதை இறங்குபவருக்குத் தெரிவிக்காது. சீட்டைத் தருபவரும் பெறுபவரும் வேலையிடத்திற்கே சென்று, அடைப்புத் தகட்டைக் கையால் தொட்டுக் காட்டி, இறங்குபவரின் மொழியில் அவரையே திரும்பச் சொல்லச் செய்வது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தைத் தருவதா மறுப்பதா என்பது, ஷட்டவுன் ஒரு நாள் நீண்டால் ஏற்படும் இழப்பை நாள்தோறும் கணக்கிடும் மேலாளரின் கையில் உள்ளது.

மாஹுல் பகுதியிலும் இத்தொழிலின் கடுமை வெளிப்பட்டதுண்டு. 2018 ஆகஸ்டு 8 அன்று பாரத் பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலையின் ஹைட்ரோகிராக்கர் பிரிவில் நேர்ந்த வெடிப்பிலும் தீயிலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர், உயிரிழப்பு நேரவில்லை.

சட்டம் தருவதும் தராததும்

போபாலுக்குப் பின்னர் நம் நாட்டின் சட்டங்கள் பெரிதும் வலுப்பெற்றன. 1985 டிசம்பர் 4-இல் டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம் 1986-இல் அளித்த தீர்ப்பு, அபாயகரமான தொழில் நடத்துவோர் எவ்வித விலக்கும் இன்றி முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நிறுவியது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான செயல்முறைகள் பற்றிய தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆபத்தைப் பற்றிய தகவலைத் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் வெளியிடுதல் கட்டாயமாயிற்று. தொழிலாளரும் நிருவாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு வந்தது. உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. 1989-இல் அபாயகரமான இரசாயனங்களைத் தயாரித்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் பற்றிய விதிகளும், 1996-இல் இரசாயன விபத்துகளுக்கான அவசரத் திட்ட விதிகளும் தொடர்ந்தன. இவற்றிற்கெல்லாம் முன்பே, 1966 மார்ச் 4-இல், தேசியப் பாதுகாப்புக் குழுமம் தோன்றியிருந்தது. அந்நாளே இன்று தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இப்போது உள்ளது. எச்சரிக்கும் உரிமை இதிலும் தொடர்கிறது. 500 தொழிலாளர் உள்ள தொழிற்சாலையிலும், அபாயகரமான செயல்முறை எனில் 250 பேர் உள்ள தொழிற்சாலையிலும் பாதுகாப்பு அலுவலர் இருத்தல் வேண்டும். அதே வேளையில், தொழிற்சாலை என்ற வரையறைக்குரிய எண்ணிக்கை, மின்சக்தி பயன்படுத்தும் இடங்களில் 10-லிருந்து 20 ஆகவும், பயன்படுத்தாத இடங்களில் 20-லிருந்து 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. பத்துப் பேர் உள்ள நிலையங்கள் சட்டத்தின் பொதுவான வரம்பிற்குள் வருமாயினும், தொழிற்சாலைகளுக்கென வகுத்த தனி விதிகளின் எல்லை சுருங்கியிருப்பதை அலுவலர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

எச்சரிக்கும் உரிமை வேறு, வேலையை நிறுத்தும் அதிகாரம் வேறு. சட்டம் தெளிவாகத் தருவது முன்னதை. பின்னதை நிருவாகமே தர வேண்டும். தந்தபின், ஒரு முறையேனும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி அதனைப் பயன்படுத்தி, அடுத்த மாதமும் அவர் வேலையில் இருப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டும். அதுவரை அது சுவரொட்டியாகவே இருக்கும்.

வெறும் பீப்பாய்

இதுவரை கூறியவை பேராலைகளைப் பற்றியவை. அங்கு மருத்துவர் உண்டு, தீயணைப்பு வண்டி உண்டு, ஆய்வாளர் வருகையும் உண்டு. இரசாயனப் பொருளின் பயணம் ஆலை வாயிலுடன் முடிந்துவிடுவதில்லை. 2010 ஜூலை 14-ஆம் நாள் விடியற்காலையில், சிவ்ரி ஹாஜி பந்தரில் மும்பைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த உருளையிலிருந்து குளோரின் கசிந்தது. அருகிலிருந்த மாணவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவ்வுருளைகள் கிடந்தது எவருக்கும் தெரியாத செய்தியன்று. எவருடைய பொறுப்பு என்பதே முடிவாகாமல் இருந்தது. அதே துறைமுகத்தில் 1944 ஏப்ரல் 14 அன்று, பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருங்கே ஏற்றியிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதையும், உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்நாள் ஆண்டுதோறும் நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுவதையும் இத்துடன் நினைவு கூரலாம்.

தாராவிக்கு இரசாயனம் வரும் வழி இன்னும் சாதாரணமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தமிழகத்திலிருந்து சென்றோர் அங்குத் தோல் பதனிடும் தொழிலை நிலைநிறுத்தினர். இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாற்றப்பட்ட பின் பச்சைத் தோல் வேலை பெரும்பாலும் அகன்றது. தோற்பொருள் தயாரிப்பு, சாயம், பிளாஸ்டிக் மறுசுழற்சி ஆகியவை வளர்ந்தன. நகரெங்கிலும் இருந்து பழைய டப்பாக்களும் பீப்பாய்களும் இங்கு வருகின்றன. நான்கைந்து பேர் வேலை செய்யும் ஓர் அறை. மேலே அவர்களே உறங்கும் பரண். சட்டத்தின் எண்ணிக்கை வரம்பு எதுவும் அவ்வறையை எளிதில் எட்டாது.

கரைப்பான் இருந்த ஒரு பீப்பாய் "காலி" என்று விற்கப்படுகிறது. அடியில் ஒரு குவளை அளவு திரவம் எஞ்சியிருந்தாலும், அது ஆவியாகிக் காற்றுடன் கலந்து, நிறைந்த பீப்பாயைக் காட்டிலும் ஆபத்தானதாக அதனை மாற்றிவிடும். நிறைந்த பீப்பாயில் எரிவதற்கு வேண்டிய காற்று இல்லை. காலிப் பீப்பாயில் உண்டு. அதன் மூடியை வெட்டுவதற்குப் பற்றவைப்புச் சுடரையோ அரைக்கும் சக்கரத்தையோ வைத்த கணமே அது வெடிக்கும். பூச்சிமருந்து இருந்த டப்பாவைக் கழுவுபவரின் கை வழியாக, வெடியோசை ஏதுமின்றி, நஞ்சு உடலில் ஏறும். இவ்வுண்மைகளை எல்லாம் அறிந்தவர்கள் நடந்து செல்லும் தொலைவிலுள்ள மாடுங்காவில் இருக்கின்றனர்.

அபாயகரமான கழிவுகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு விதிகளின் முதல் அட்டவணையில், இரசாயனம் படிந்த காலிப் பீப்பாய்களும் கொள்கலன்களும் அபாயகரமான கழிவாகவே சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை அனுமதி பெற்ற நிலையங்களுக்கே தர வேண்டும். நடைமுறையில், பழைய இரும்பாக விற்கும்போது கிடைக்கும் தொகை ஒரு பக்கமும், நச்சு நீக்குவதற்கு ஆகும் செலவு மறு பக்கமும் நிற்க, பீப்பாய் இடைத்தரகர் வழியே பயணம் செய்கிறது. கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் அதன் மேலிருந்த பெயர்ச்சீட்டு சற்றே கிழிகிறது. கடைசியாக அதைத் திறப்பவரிடம் வரும்போது எழுத்து எதுவும் எஞ்சுவதில்லை.

பேராலைகளின் பாதுகாப்பு அலுவலர்கள் இங்குச் செய்யக் கூடியது மிகப் பெரிய செயலன்று. பீப்பாய் வாயிலைக் கடக்குமுன் மும்முறை கழுவித் துளையிட்டு அனுப்புதல். கழுவிய நீரைத் தம் சொந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்கே செலுத்துதல். வாங்குபவர் யாருக்கு விற்கிறார் என்பதைப் பதிவேட்டில் கேட்டு எழுதுதல். உள்ளே இருந்த பொருளின் பெயரையும், அது தீப்பற்றுமா, தோலில் ஏறுமா என்பதையும், கிழியும் தாளில் ஒட்டாமல், அழியாத சாயத்தில் இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் பீப்பாயின் உடலிலேயே எழுதுதல். மாடுங்காவின் மாணவர்கள் ஒரு பருவத்தின் களப்பணியாக, தாராவியின் ஒரு சந்திற்கு ஒரு வாரத்தில் வந்து சேரும் பீப்பாய்களில் முன்பு இருந்த பொருள்களைப் பட்டியலிட்டு, அவை புறப்பட்ட ஆலைகளின் பெயர்களையும் எதிரே குறித்தால், அப்பட்டியலைச் சயானில் நடைபெறும் பாதுகாப்பு அலுவலர் பயிற்சி வகுப்பின் முதல் நாளிலேயே வாசிக்கத் தரலாம்.